பட்டா யாரு பேர்ல இருக்குன்னு மட்டும் பாக்காதீங்க, பயிர் யாரு வச்சதுன்னும் பாருங்க: ஒரு குத்தகை விவசாயியோட திறந்த மடல்

தமிழ்நாடு வேளாண்மைத்துறை, வருவாய்த்துறை அதிகாரிங்களுக்கும், டெல்லிலேந்து விவசாயிங்க அக்கவுண்ட்டுல பணம் போடுற பிஎம் கிசான் திட்டத்த நடத்துற மத்திய வேளாண் அமைச்சகத்துக்கும்,

நான் திருவாரூர் மாவட்டத்துல குத்தகைக்கு சாகுபடி பண்றவ. கோயில் நிலம் ஒன்றரை ஏக்கர், அது போக சென்னைல இருக்குற ஒரு குடும்பத்தோட நிலம் ரெண்டு ஏக்கர். ரெண்டுலயும் நாத்து விடுறதுலேந்து மூட்ட புடிச்சு கொள்முதல் நிலையத்துல இறக்குற வரைக்கும் நான்தான் நிக்கிறேன், வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுறாரு, நடவுக்கும் அறுப்புக்கும் ஓடியாருவாரு, அவ்வளவுதான். ஆனா உங்க கம்ப்யூட்டர்ல நான் விவசாயி கிடையாது.

கோவத்துல சொல்ற பேச்சு இல்ல இது. விவசாயிங்களுக்கு தனி அடையாள நம்பர் குடுக்குறாங்க, அது இருந்தாதான் இனிமே பிஎம் கிசான் தவணைப் பணம் வரும்னு எங்க ஊர்ல ஆட்டோல மைக் கட்டி சொல்லிட்டு போனாங்க. நானும் ஆதார் கார்டு, போன், பாஸ்புக்கு எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு போனேன். லேப்டாப் வச்சிட்டு உக்காந்திருந்த பையன் "அக்கா பட்டா நம்பர் சொல்லுங்க"ன்னான், எம்பேர்ல பட்டா இல்லப்பா, குத்தகைன்னேன், "அப்ப உங்கள இதுல ஏத்த முடியாதுக்கா, நிலம் யாரு பேர்ல இருக்கோ அவங்கள வரச்சொல்லுங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆள கூப்ட்டான். அந்தப் பையன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, ஸ்கிரீன்ல இல்லாத கட்டத்த அவன் என்னன்னு நிரப்புவான், அந்தக் கட்டத்த வைக்காதவங்க நீங்க, அதனாலதான் உங்களுக்கு எழுதுறேன்.

பிஎம் கிசான் 2019 பிப்ரவரி 24-ந் தேதி ஆரம்பிச்சிது, வருஷத்துக்கு 6000 ரூவா, மூணு தவணையா ரெண்டாயிரம் ரெண்டாயிரமா. மொதல்ல ரெண்டு ஹெக்டேர் வரைக்கும் நிலம் இருக்குற சிறு குறு விவசாயிங்களுக்கு மட்டும்னு சொன்னீங்க, அந்த வருஷம் ஜூன்லேயே எவ்வளவு நிலம் இருந்தாலும் பரவாயில்ல, எல்லாருக்கும் உண்டுன்னு மாத்துனீங்க. பத்து ஏக்கர்காரங்கள சேக்குறதுக்கு நாலு மாசம் கூட ஆகல. நிலமே இல்லாம அடுத்தவங்க நிலத்துல பாடுபடுறவங்கள சேக்குறதுக்கு மட்டும் இத்தன வருஷமா மனசு வரல.

2025 நவம்பர் 19 அன்னிக்கு 21-வது தவணைய பிரதமர் நம்ம கோயம்புத்தூர்லேந்தே விடுவிச்சாரு, நாடு முழுக்க ஒம்போது கோடி விவசாயிங்க, 18,000 கோடி ரூவான்னு டிவில ஓடிச்சு. அன்னிக்கி நான் சம்பாவுக்கு களை எடுக்க ஆளு கிடைக்காம அலஞ்சிட்டு இருந்தேன். அந்த ரெண்டு ஏக்கரோட பட்டா சென்னைல இருக்குற வயசான அம்மா ஒருத்தங்க பேர்ல இருக்கு, அவங்களுக்கு ரெண்டாயிரம் ஏறிடிச்சு, அவங்க மகன் எனக்கு போன் பண்ணி தண்ணி நிக்கிதா வடிஞ்சிதான்னு விசாரிக்கிறப்ப பேச்சோட பேச்சா அதையும் சொன்னாரு. நல்ல மனுஷங்க, அவங்க வாங்குறத தப்புன்னு சொல்ல மாட்டேன், திட்டம் அப்படித்தான் சொல்லுது, அவங்க வாங்குறாங்க. அவங்க காச புடுங்கி எனக்கு குடுங்கன்னு நான் கேக்கல, இத கொஞ்சம் தெளிவா புரிஞ்சிக்கிங்க, ஏன்னா குத்தகைக்காரங்க வாயத் தொறந்தாலே நிலத்தப் புடுங்க வந்துட்டாங்கன்னு ஒரு பேச்சு இங்க உண்டு.

கோயில் நிலத்து கதை இதவிட வினோதம். நிறுவனங்க பேர்ல இருக்குற நிலத்துக்கு பிஎம் கிசான் கிடையாதுன்னு விதி, சரி, சாமிக்கு ரெண்டாயிரம் எதுக்கு. ஆனா அந்த நிலத்துல பாட்டன் காலத்துலேந்து சாகுபடி பண்ற குடும்பத்துக்கும் கிடையாது, ஏன்னா நாங்க ஓனர் இல்ல. ஆக அந்த ஒன்றரை ஏக்கரக் காட்டி இந்த நாட்டுல ஒரு ஆளு கூட இந்தப் பணத்த வாங்க முடியாது. தமிழ்நாட்டுல அறநிலையத்துறை கணக்குல இருக்குற கோயில் நிலம் சுமாரா 4.78 லட்சம் ஏக்கர், இதுல நல்ல பங்கு எங்க டெல்டாலதான் இருக்கு. மனை, கட்டடம், தரிசு எல்லாத்தையும் கழிச்சிட்டே பாருங்க, மிச்சத்துல எத்தன குடும்பம் வேல பாக்குதுன்னு நீங்களே எண்ணிக்கலாம், கணக்கு உங்ககிட்டதான் இருக்கு.

அதுலயும் எங்க குத்தகை ரசீது இன்னும் மாமனார் பேர்லயே வருது. அவரு போயி சேந்து ரொம்ப வருஷமாச்சு. பேர் மாத்தணும்னா பழைய பாக்கி எல்லாத்தையும் கட்டிட்டு வாங்கன்னு சொன்னாங்க, அந்தப் பாக்கி வந்ததே கஜா புயல் அடிச்ச 2018-லயும் அதுக்கப்புறம் நிவர், புரெவின்னு வரிசையா வந்த 2020-லயும்தான், வெளஞ்சா கட்ட மாட்டமா. வாரிசு சர்ட்டிபிகேட் ஒருத்தர் கேப்பாரு, அதக் கொண்டுபோனா வேற ஒருத்தர் மத்த பங்காளிங்க கையெழுத்து கேப்பாரு. செத்தவரு பேர்ல குத்தகை வாங்கிக்க தெரியுதுல்ல, உயிரோட இருக்குறவள பதிய மட்டும் எவ்வளவு பேப்பர்.

இப்ப காசு கணக்குக்கு வரேன். சி.ஆர்.1009 நெல்லு போட்டா நல்லா வெளஞ்ச வருஷத்துல ஏக்கருக்கு அறுவது கிலோ மூட்ட முப்பது வரும். பொது ரகத்துக்கு 2025-26 சீசன்ல அரசு வில குவிண்டாலுக்கு 2500, அப்ப மூட்ட 1500, மொத்தம் 45,000. உழவு, நாத்தங்கால், நடவு ஆளு, களை, உரம், மருந்து, அறுப்பு மெஷின், தூக்குக்கூலின்னு எல்லாம் சேத்து முப்பதாயிரத்த தொட்டுடுது. குத்தகை ஆறு மூட்ட, அது ஒம்போதாயிரம். மிச்சம் ஆறாயிரம். ஆறு மாசத்துக்கு, ஒரு ஏக்கருக்கு, மழை பொறுத்துக்கிட்டா. நீங்க நிலம் வச்சிருக்கவங்களுக்கு வருஷத்துக்கு குடுக்குறதும் அதே ஆறாயிரம். வயல்ல எறங்காம வர்ற ஆறாயிரமும், ஒரு ஏக்கர்ல அரை வருஷம் எறங்கி நின்னு மிஞ்சுற ஆறாயிரமும் ஒண்ணா இருக்குறப்ப, இந்தத் திட்டம் யாருக்கு உதவின்னு நான் கேக்குறதுல என்ன தப்பு இருக்கு சொல்லுங்க.

ரெண்டாயிரம் என்ன பெரிய காசான்னு கேக்குறவங்களுக்கு: டிஏபி உரம் மூட்ட 1350, யூரியா மூட்ட 266 ரூவா 50 காசு, ஒரு டிஏபியும் ரெண்டு யூரியாவும் அந்த ரெண்டாயிரத்துல வந்துடும். நடவு முடிஞ்சு மேலுரம் போடுற நேரத்துல அது கைல இருந்தா கம்மல அடகு வைக்க வேண்டியதில்ல. (யூரியா கேட்டா கூடவே ஏதோ ஒரு டப்பாவையும் தலைல கட்டுறாங்க, அது வேற கதை, அதுக்கு இன்னொரு மடல் எழுதணும்.)

எனக்கு புரியாத விஷயம் ஒண்ணு இருக்கு. பயிர் இன்சூரன்ஸ் கட்டுறப்ப நான் விவசாயிதான், குத்தகைதாரரும் கட்டலாம்னு நீங்களே நோட்டீஸ் அடிக்கிறீங்க, சம்பாவுக்கு ஒன்றரை சதவீதம் பிரீமியம், ஏக்கருக்கு ஐநூறுக்கு மேல எங்கிட்ட வாங்கிக்கிறீங்க. சாகுபடிதாரர்னு எம்பேரப் போட்டு அடங்கல் (எந்த வயல்ல யாரு என்ன பயிர் வச்சிருக்காங்கன்னு வி.ஏ.ஓ. எழுதுற கணக்கு) குடுத்தாங்க, அத வச்சிதான் கட்டுனேன், அதே அடங்கல வச்சிதான் கொள்முதல் நிலையத்துல எம்பேர்ல நெல்லு எடுத்தாங்க, எம்பேர்ல இருக்குற பேங்க் அக்கவுண்ட்டுல காசு போட்டாங்க. உரக்கடைல மானிய யூரியா வாங்குறப்ப அந்த மெஷின்ல கட்டவெரல் வைக்கிறது யாரு, சென்னைல இருக்குற அந்த அம்மாவா? என் ரேகை, என் ஆதார், எந்த மாசம் எத்தன மூட்ட எடுத்தேங்கிற கணக்கு எல்லாம் உங்க கம்ப்யூட்டர்லதான் இருக்கு. பிரீமியம் வாங்குறப்ப, நெல்லு வாங்குறப்ப விவசாயியா தெரியுற ஆளு, பணம் குடுக்குறப்ப மட்டும் எப்படிங்க மறைஞ்சு போறா?

2023 பிப்ரவரில அறுப்பு நேரத்துல பெஞ்ச மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும், கதிரு எல்லாம் சாஞ்சு தண்ணிலயே மொளச்சிப்போச்சு. ஹெக்டேருக்கு 20,000 நிவாரணம்னு அரசாங்கம் அறிவிச்சிது, மனசார நன்றி. ஆனா எங்க பக்கத்துல எழுதிட்டு போன லிஸ்ட்ல பட்டாதாரர் பேருதான் ஏறிச்சு. வெதச்சதும் நான், கடன் வாங்குனதும் நான், மொளச்ச நெல்ல மாட்டுக்கு அள்ளிப் போட்டதும் நான், நிவாரணம் வேற அக்கவுண்ட்டுக்கு போச்சு. அந்த சென்னை அம்மாவோட மகன் பாதிய அனுப்புனாரு, அது அவரு தர்மம். அவரு தரலன்னா நான் எந்த ஆபீஸ்ல போயி கேட்டிருக்க முடியும்? என் பக்கத்து வயல்காரருக்கு ஒரு பைசா வரல, கேட்டா அடுத்த போகம் நிலம் இருக்காதுன்னு அவரு வாயத் தொறக்கல. இப்ப 2025 நவம்பர் கடைசில டிட்வா புயல் மழைலயும் வயல் முழுகிச்சு, மறுபடி கணக்கெடுப்பு, மறுபடி பட்டா நம்பர்.

அக்ரிமெண்ட் போட்டு வச்சிக்கிட்டா என்னன்னு சுலபமா கேக்குறீங்க. குத்தகைக்காரங்கள காப்பாத்த 1955-ல சட்டம் வந்துச்சு, 1956-ல நியாயக் குத்தகைக்கு ஒரு சட்டம், 1969-ல குத்தகை உரிமைய பதிவு பண்றதுக்கு ஒரு சட்டம், தாசில்தார் ஆபீஸ்ல அதுக்குன்னு பதிவேடே இருக்கு. நல்ல சட்டங்கதான், எங்க முந்தின தலைமுறைய அதுதான் நிக்க வச்சிது. ஆனா இன்னிக்கி நெலம என்னன்னா, அந்த சட்டத்துக்கு பயந்தே ஓனர்ங்க எதையும் எழுத்துல குடுக்க மாட்டேங்குறாங்க, ஒரு துண்டு சீட்டுல எழுதிக் கேட்டாலும் "என்னம்மா கேஸ் போடப் போறியா"ன்னு சிரிச்சிக்கிட்டே கேப்பாங்க, அடுத்த வருஷம் நிலம் வேற ஆளு கைல இருக்கும். பதிவேட்டுல பேர் ஏத்த மனு போட்டா நோட்டீஸ் ஓனருக்கு போகும், அன்னியோட முடிஞ்சுது. அதனால டெல்டால முக்காவாசி குத்தகை வாய்ப்பேச்சுதான், இது வி.ஏ.ஓ.லேந்து கலெக்டர் வரைக்கும் எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம், தெரியாத மாதிரி திட்டம் மட்டும் போடுறீங்க.

முடியாத காரியத்த நான் கேக்கல, மத்த ஊர்ல செஞ்சிருக்காங்க. ஒடிசால 'காலியா'ன்னு ஒரு விவசாயி உதவித் திட்டம் வந்தப்ப பங்கு சாகுபடிக்காரங்களையும் நிலமே இல்லாத குடும்பங்களையும் சேத்தாங்க. மேற்கு வங்காளத்துல 1978-லேந்தே வாரத்துக்கு (வெளச்சல்ல பங்கு குடுத்து) உழுறவங்கள ஊர் ஊரா போயி பதிஞ்சாங்க, அதனால இன்னிக்கி அவங்க கிருஷக் பந்துங்குற விவசாயி உதவித் திட்டத்துல பதிவான வாரக்காரங்களுக்கும் பணம் போகுது. ஆந்திரால 2019-ல சாகுபடியாளர் உரிமைச் சட்டம்னு ஒண்ணு போட்டு, 11 மாசத்துக்கு கார்டு, நிலத்து மேல எந்த உரிமையும் வராது, கடன், இன்சூரன்ஸ், நிவாரணத்துக்கு மட்டும்னு தெளிவா எழுதுனாங்க. அதுலயும் ஒரு ஓட்டை, ஓனர் கையெழுத்து வேணும்னு வச்சிட்டாங்க, கையெழுத்து கிடைக்காம நிறைய பேரு வெளில நின்னாங்க, அந்தத் தப்ப நீங்க காப்பி அடிக்காதீங்க. அதே ஆந்திரால 2011-ல போட்ட சட்டத்துல ஓனர் சம்மதம் இல்லாமலே சாகுபடிக்காரங்களுக்கு கார்டு குடுக்க வழி வச்சிருந்தாங்க. எல்லாம் புத்தகத்துல இருக்கு, எடுத்துப் பாத்தா போதும்.

டெல்லிக்காரங்களுக்கும் ஒண்ணு ஞாபகப்படுத்துறேன். 2007-ல மத்திய அரசு போட்ட தேசிய விவசாயிகள் கொள்கைல விவசாயின்னா யாருன்னு எழுதுறப்பவே குத்தகைதாரர், பங்கு சாகுபடிதாரர், விவசாயக் கூலி எல்லாரையும் சேத்துத்தான் எழுதியிருக்கு. அதுக்கு அடிப்படை போட்ட கமிஷனுக்கு தலைவரா இருந்தவரு எம்.எஸ்.சுவாமிநாதன், எங்க கும்பகோணத்துல பொறந்தவரு, 2024-ல அவருக்கு பாரத ரத்னாவும் குடுத்தீங்க. அதே வருஷம் டிசம்பர்ல நாடாளுமன்ற வேளாண் நிலைக்குழு இந்த 6000-த்த 12,000 ஆக்குங்க, குத்தகை விவசாயிங்களுக்கும் கூலி ஆளுங்களுக்கும் குடுக்கலாம்னு சொல்லிச்சு. பல கட்சி எம்பிங்களும் உக்காந்து எழுதுன ரிப்போர்ட்டு அது.

குத்தகைக்காரங்கள விட்டா போலி ஆளுங்க நுழைஞ்சுடுவாங்கன்னு சொல்வீங்க. நுழையலயா? 2020-ல கொரோனா நேரத்துல இதே பிஎம் கிசான்ல தமிழ்நாட்டுல மட்டும் தகுதியில்லாத அஞ்சரை லட்சம் பேர சேத்து 110 கோடி போயிடிச்சுன்னு அரசாங்கமே சொல்லிச்சு, சிபிசிஐடி விசாரணை நடந்துச்சு, கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர்னு தெனம் பேப்பர்ல வந்துச்சு. அது எதுவும் குத்தகைக்காரங்க பண்ணது இல்ல, ஆபீஸ் பாஸ்வேர்டு கைல இருந்தவங்களும் புரோக்கருங்களும் சேந்து பண்ணது. அன்னிக்கி பாஸ்வேர்டு பூட்டத் தெரியாதவங்க, இன்னிக்கி எங்களப் பாத்து கதவப் பூட்டுறீங்க.

உண்மையான குத்தகைக்காரர கண்டுபுடிக்கறது ஒண்ணும் பெரிய வித்த இல்ல. எங்க ஊர்ல எந்த வயல யாரு பண்றாங்கன்னு தண்ணி கட்டுற ஆளக் கேட்டா தூக்கத்துல கூட சொல்வாரு. நாலு வரப்புக்காரங்களக் கேளுங்க, உரக்கடை ரேகைய பாருங்க, கொள்முதல் ரசீத பாருங்க, மூணும் ஒத்து வந்தா முடிஞ்சுது. 2024 நவம்பர்ல டிஜிட்டல் பயிர் சர்வேன்னு வேளாண் காலேஜ் பிள்ளைங்கள போனோட வயலுக்கு அனுப்புனீங்களே, பாவம் அந்தப் பிள்ளைங்க சேத்துல வழுக்கி வழுக்கி வந்து போட்டோ எடுத்துதுங்க, பாம்பு பூச்சி கெடக்குற வரப்பு, தண்ணி குடுத்து அனுப்புனோம். என் வயல்ல நின்னு என் பயிர போட்டோ எடுத்த பிள்ள, இத யாரு பண்றாங்கன்னு எங்கிட்ட கேக்கல. பக்கத்துலயேதான் நின்னேன்.

இனி என்ன வேணும்னு நேரடியா சொல்லிடுறேன்.

டெல்லிக்கு: அந்த நிலைக்குழு சொன்னத எடுத்து பிஎம் கிசான் விதில சாகுபடி பண்ற குத்தகைதாரரையும் சேருங்க, நிலக்காரருக்கு போறத நிறுத்தாம தனியா. விவசாயி அடையாள நம்பர்ல பட்டா இல்லாத சாகுபடிதாரருக்கு ஒரு வழி வைங்க, அது இல்லாம அந்த நம்பர எந்த உதவிக்கும் கட்டாயம்னு ஆக்காதீங்க, ஏன்னா இன்னிக்கி தவணைக்கு கேக்குறத நாளைக்கி இன்சூரன்சுக்கும் நெல்லு போடுறதுக்கும் கேட்டா இருக்குறதும் எங்க கைய விட்டு போயிடும்.

வருவாய்த்துறைக்கு: ஒவ்வொரு பசலிக்கும் (உங்க வருவாய்த்துறை கணக்கு வருஷம்) சாகுபடிச் சான்று குடுங்க, ஓனர் கையெழுத்து கேக்காம, களத்துல விசாரிச்சு. இது உதவித்தொகைக்கும் கடனுக்கும் இன்சூரன்சுக்கும் நிவாரணத்துக்கும் மட்டும், நில உரிமைக்கு செல்லாதுன்னு அதுலயே அச்சடிச்சுக் குடுங்க, ஓனருங்களுக்கும் பயம் போகும். வெள்ள நிவாரணம் எந்த வருஷமா இருந்தாலும் பயிர் வச்சவங்க அக்கவுண்ட்டுக்கு போகட்டும், இப்ப டிட்வாவுக்கு எழுதுன லிஸ்ட்லேந்தே அத ஆரம்பிங்க, அந்த லிஸ்ட்ட பணம் போடுறதுக்கு முன்னாடி ஊராட்சி ஆபீஸ்ல ஒட்டுங்க, தப்பு இருந்தா நாங்க அங்கயே சொல்றோம்.

வேளாண்மைத்துறைக்கு: அடுத்த டிஜிட்டல் சர்வேல யாரு சாகுபடி பண்றாங்கன்னு நேர்ல கேட்டு பதிய வைங்க. பக்கத்துல ஆந்திரா குடுக்குற மாதிரி மாநிலமே ஒரு தொகை குடுக்க முடியுமான்னு வர்ற வேளாண் பட்ஜெட்ல பாருங்க, தனி பட்ஜெட் போடுறோம்னு பெருமையா சொல்றீங்கல்ல, அதுல குத்தகைக்காரங்களுக்குன்னு ஒரு பக்கம் இருக்கட்டும். கோயில் நிலத்துக்கு, அறநிலையத்துறையோட பேசி தாலுகாவுக்கு தாலுகா முகாம் போட்டு வாரிசு பேர் மாத்திக் குடுக்கச் சொல்லுங்க, புயல் வருஷத்துப் பாக்கிய தவணைல கட்டுறோம், அதக் காரணம் காட்டி பேர நிறுத்த வேணாம். மாத்துன அந்த லிஸ்ட்ட அப்படியே வாங்கி விவசாயி பதிவுல ஏத்துங்க.

இதயே மனுவா எழுதி அடுத்த மாசம் கலெக்டர் ஆபீஸ்ல நடக்குற விவசாயிகள் குறைதீர் கூட்டத்துலயும் குடுக்கப் போறேன், எங்க ஊர்லேந்து குத்தகைக்காரங்க கொஞ்ச பேரு கூட வராங்க, பாதி பேரு பொம்பளைங்க. "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது"ன்னு ஒத்த வரி லெட்டர் எங்க எல்லார் வீட்டுலயும் ஏற்கனவே இருக்கு. இந்த தடவ எது முடியும், எது முடியாது, முடியாதுன்னா எந்த விதி தடுக்குது, அத மாத்துற அதிகாரம் யாருகிட்ட இருக்குன்னு எழுதி, கீழ கையெழுத்துப் போடுற அதிகாரியோட பதவியும் தேதியும் போட்டு பதில் குடுங்க.

இப்படிக்கு,
திருவாரூர் மாவட்டத்துலேந்து ஒரு குத்தகை விவசாயி